10 மணி டீ

ஸ்காட்லாந்தின் அபர்டீனில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் காலை 10 மணி ஆனால் எல்லோரும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பேராசிரியர், பிஎச்.டி மாணவர்கள், கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மா, டெக்னீஷியன், கட்டடத்துக் காவலாளி எல்லோருக்கும் ஒரே நீள மேஜை, ஒரே கெட்டில். யார் முதலில் வருகிறாரோ அவர் தண்ணீர் வைக்க வேண்டும், அது பெரும்பாலும் பேராசிரியராக இருக்கும். மதுரையில் நான் படித்த இடத்தில் பேராசிரியர் அறைக்கு டீ தனியாகப் போகும், லேப் அண்ணன் வராந்தா ஓரத்தில் நின்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். அதில் ஏதாவது தவறு இருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றியதே இல்லை. அந்த நீள மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

மூன்று வருட ஒப்பந்தம். கான்டிடா என்ற பூஞ்சையோடு வேலை. 30 டிகிரியில் வளர்த்தால் அது உருண்டை உருண்டையாக, சாதாரண ஈஸ்ட் மாதிரி இருக்கும். சீரம் என்ற ரத்த நீரைச் சேர்த்து 37 டிகிரிக்கு, அதாவது நம் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுபோனால் சில மணி நேரத்தில் இழை விட ஆரம்பித்துவிடும். அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. நான் போய்ச் சேர்ந்தது அக்டோபரில், மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள், அதற்கப்புறம் பகல் என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது. அந்த ஊர் 57 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் வருவதற்குக் காலை எட்டே முக்கால் ஆகிறது, மூன்றரைக்கு முன்பே போய்விடுகிறது. இருட்டில் வேலைக்கு வந்து இருட்டில் வீட்டுக்குப் போவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், வேலை எதுவும் இல்லாவிட்டாலும், 30 டிகிரி அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. அந்தச் சூடு மதுரையில் மொட்டை மாடி ராத்திரியின் சூடு.

எனக்கு ஊரைக் கற்றுக்கொடுத்தவர் டெக்னீஷியன்தான். வடக்கே ஒரு மீன்பிடி ஊர்க்காரர், தாத்தா காலம் வரை படகுதான் தொழில், தம்பிக்குக் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. காலையில் பார்த்ததும் "ஃபிட் லைக்?" என்பார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். டோரிக் என்று சொல்லும் அந்தப் பக்கத்துப் பேச்சில் வாட் என்பது ஃபிட், வேர் என்பது ஃபார், ஹூ என்பது ஃபா. நான் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு முதல் மாதம் பாதி பேச்சு புரியவில்லை, ஆனால் யாரும் அலுத்துக்கொள்ளவில்லை, திரும்பச் சொன்னார்கள். எங்கள் பாட்டி பட்டணத்துக்காரர்கள் முன்னால் தன் பேச்சை மாற்றிக்கொண்டதே இல்லை. டெக்னீஷியனும் பேராசிரியர் முன்னால் மாற்றிக்கொள்ளவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்தது.

வெள்ளிக்கிழமை டீக்கு அவர் ரௌவி (rowie) என்ற அந்த ஊர் ரொட்டியை வாங்கி வருவார். தட்டையாக, உப்பாக, அடுக்கடுக்காக இருக்கும், கடலுக்குப் போகிறவர்களுக்குப் பல நாள் கெடாமல் இருக்கச் செய்தது என்பார்கள். நான் சைவம் என்று தெரிந்ததும் அடுத்த வாரம் பேக்கரியில் விசாரித்து, அதில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று வந்து சொன்னார். அதிலிருந்து மூன்று வருடமும் எனக்குத் தனியாக ஒரு பையில் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட் வந்தது. அதே மேஜையில் 1988 ஜூலை 6 பற்றிப் பேச்சு வந்தால் குரல் இறங்கிவிடும். பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்த நாள். ஹேசில்ஹெட் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார், வழியில் அதிகம் பேசவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு ராத்திரி மைனஸ் 80 ஃப்ரீசர் நின்றுவிட்டது. அலாரம் டெக்னீஷியன் ஃபோனுக்குத்தான் போகும். ரோடெல்லாம் பனி உறைந்து கிடந்ததால் வண்டியை எடுக்காமல் நடந்தே வந்து, விடிவதற்குள் பூஞ்சை வைத்திருந்த அத்தனை குழாயையும் ஒவ்வொன்றாக வேறு ஃப்ரீசருக்கு மாற்றி, எது எங்கே இருக்கிறது என்று பென்சிலால் பட்டியலும் எழுதி ஒட்டியிருந்தார். அதுவரை நான் செய்த வேலை முழுவதும் அதற்குள் இருந்தது. நான் எட்டரை மணிக்கு வந்தபோது அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

சரி, அப்புறம் ஆய்வுக் கட்டுரை எழுதும் நேரம் வந்தது. வழக்கப்படி டெக்னீஷியன் பெயர் கடைசியில் நன்றிப் பகுதியில் ஒரு வரி. இந்த வழக்கத்தை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். பூஞ்சை வகைகளில் பாதியை வளர்த்துத் தந்தவர், கணக்கு வைத்தவர், ராத்திரியில் வந்து காப்பாற்றியவர் அவர். மூன்று மாதம் கழித்துக் கிளம்பிப் போகிற ஒப்பந்தக்காரனுக்கு முதல் பெயர், முப்பது வருடம் அங்கேயே இருந்தவருக்குச் சின்ன எழுத்தில் நன்றியா?

பெருமையை யார் பங்கு போடுவது என்ற கேள்வி அந்த ஊருக்கு நன்றாகவே தெரிந்த கேள்வி. அங்கே படித்து வளர்ந்த ஜே.ஜே.ஆர். மெக்லியாட், இன்சுலினுக்காக 1923இல் பேன்டிங்கோடு சேர்ந்து நோபல் வாங்கியபோது, தன் பங்குப் பணத்தில் பாதியைக் கூட வேலை செய்த கோலிப்புக்குக் கொடுத்தார், இன்சுலினைச் சுத்தம் செய்து கொடுத்தது கோலிப் என்பதால். 1928இல் அபர்டீனுக்கே திரும்பி வந்து, கடைசி வரை அங்கேயே இருந்தார். பிற்பாடு, ஜான் மல்லார்டின் குழு முழு உடலையும் படம் எடுக்கும் எம்ஆர்ஐ கருவியை அதே ஊரில் கட்டி, 1980 ஆகஸ்ட் 28 அன்று ஒரு நோயாளியைப் படம் எடுத்து, நெஞ்சில் கட்டி இருப்பதையும் எலும்புக்குப் பரவியிருப்பதையும் காட்டினார்கள். அங்கே எடெல்ஸ்டைன், ஹட்சிசன் போன்றவர்கள் உருவாக்கிய ஸ்பின்-வார்ப் என்ற படமெடுக்கும் முறைதான் பின்னால் உலகம் முழுவதும் போனது. 2003இல் எம்ஆர்ஐக்கு நோபல் கொடுத்தபோது அந்தப் பட்டியலில் அபர்டீன்காரர் ஒருவரும் இல்லை. இதை எனக்குச் சொன்னதும் டீ மேஜைதான், கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மா சொன்னார்.

டீ மேஜையில் அல்லாமல், பேராசிரியர் அறைக்குப் போய், டெக்னீஷியனையும் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்கலாமா என்று தனியாகக் கேட்டேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்றார். மூன்றாவது பெயராக டெக்னீஷியன் பெயர் வந்தது. அச்சான பிரதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு "நே பேட்" என்றார். மோசமில்லை என்று பொருள், அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

கிளம்பியது ஜூன் மாதத்தில். காலை நாலேகாலுக்கு விடிந்து ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிற காலம். மழை விட்டுக் கொஞ்சம் வெயில் அடித்ததும் தெரு முழுக்கக் கருங்கல் சுவர்கள் மைக்காவால் மினுங்கிக்கொண்டிருந்தன, பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் கடலிலிருந்து ஹார் என்கிற மூடுபனி ஏறி எதிர் வீடு மறைந்துவிட்டது.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன வருடம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு நீள மேஜை வாங்கிப் போட்டோம், 10 மணிக்கு எல்லோரும் உட்காருகிறோம். பாத்திரம் கழுவும் அக்கா மட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டு கதவோரம் போய் நிற்பார். உட்காருங்கக்கா என்றால், "இருக்கட்டும் சார், கால் பழகிருச்சு" என்பார். போன செவ்வாய்க்கிழமை அவருடைய நாற்காலியைக் கதவோரமே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, நானும் என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.