சடங்கு வேண்டாம் என்றால் என்னவெல்லாம் செய்ய வேண்டும்

"எனக்குக் கருமாதி வேண்டாம், எரித்தால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல. பெரியார் இயக்கமும் செங்கொடியும் வேர்விட்ட மண் இது. நெய்ப்பந்தம், வாய்க்கரிசி, கொள்ளிக்குடம் எதையும் சட்டம் கேட்பதில்லை. காகிதத்தைக் கேட்கும்.

வீட்டில் இறந்தால், வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணம் எழுதிய படிவம் 4ஏ அன்றைக்கே வாங்கிவிடுங்கள். விபத்து, தற்கொலை என்றால் போலீஸின் பிரேத விசாரணை முடியாமல் எரிக்கக் கூடாது. 21 நாளுக்குள் இறப்பைப் பதிய வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ., நகரத்தில் நகராட்சி சுகாதாரப் பிரிவு. பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே எழுதப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வாரிசுச் சான்றுக்கும் பேங்குக்கும் அலைய வேண்டிவரும்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரை வைத்து முன்பே எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும், அடிபடுவது மயானத்தில் வேலை பார்ப்பவர். உடுத்த நூல் வேட்டி, நூல் புடவை போதும். பிளாஸ்டிக் மாலையும் சென்ட் பாட்டிலும் வேண்டாம்.

எரிவாயு மேடையில் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், அன்றைக்கே அஸ்தி கிடைக்கும். ஊர்ச் சுடுகாட்டு மூட்டம் வேறு மாதிரி. வறட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, குழைத்த களிமண்ணால் மேலே மெழுகிவிடுவார்கள். புகை போக அங்கங்கே துளை. மண் சூட்டை உள்ளேயே பிடித்துவைப்பதால் குறைந்த விறகிலேயே விடிவதற்குள் வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வறட்டி நமத்திருந்தால் புகைந்து புகைந்து பாதியில் நின்றுவிடும். அந்த நாட்களில் எரிவாயு மேடைதான் சரி.

சடங்கில்லை என்பதற்காக மயானப் பணியாளர் கூலியில் கைவைக்காதீர்கள். சடங்கில் வரும் காசையும் சேர்த்துத்தான் அவர் குடும்பம் நடக்கிறது. உறவுக்காரர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லும்போதே "சடங்கு இல்லை, இது அப்பாவின் விருப்பம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் வாசலில் சண்டை வராது.

அஸ்தி இரண்டு, மூன்று கிலோ இருக்கும். காவிரியில் கரைப்பதானால் தண்ணீர் வரும் காலம் பாருங்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். இடையில் ஆறு வெறும் மணல். பங்குனி, சித்திரையில் அந்த மணலில் கொட்டிவிட்டு வராதீர்கள். பூம்புகாரில் கடலில் கரைக்கலாம். மண்கலயத்தில் மூடிவைத்துப் புதுத்தண்ணீருக்குக் காத்திருக்கலாம். கொல்லையில் புதைப்பதானால் செடியின் வேரில் நேராகப் போடாமல் நிறைய மண்ணோடு கலந்து போடுங்கள். சாம்பலின் உப்பில் செடி கருகிவிடும்.