நொறுங்க வேண்டிய கான்கிரீட்

பதினோரு வருடமாகக் கான்கிரீட் கியூப்களை உடைத்துப் பலம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நுரை கான்கிரீட் கைக்கு வந்த அன்று எடையே நம்பும்படி இல்லை. சாதாரண 150 மி.மீ. கியூப் எட்டு கிலோ இருக்கும். இது ஒன்றரைக் கிலோகூட வரவில்லை. கன மீட்டருக்கு 400 கிலோ அடர்த்தியில் வார்த்தது, தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

விமான ஓடுபாதையின் கடைசியில் படுக்கை மாதிரி பரப்புவதற்கான பொருள் இது. நிற்காமல் ஓடிவரும் விமானத்தின் சக்கரம் இதை நொறுக்கிக்கொண்டே புதையும், வேகம் அதிலேயே செலவாகிவிடும். 1999 மே மாதம் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் பாதையைத் தாண்டிய ஒரு சாப் 340 பயணிகள் விமானம் இப்படித்தான் நின்றது. 2005இல் அங்கேயே ஒரு 747 சரக்கு விமானமும்.

சிமென்ட் கூழைத் தனியாகக் கலக்கி, நுரையைத் தனியாக அடித்து, அப்புறம்தான் இரண்டையும் சேர்ப்போம். மிக்ஸர் கொஞ்சம் கூடுதலாக ஓடினாலும் குமிழ்கள் உடைந்து அடர்த்தி ஏறிவிடும். ஒருமுறை அப்படித்தான் ஆனது. எனக்கு அது தப்பாகவே படவில்லை.

"சார், கேட்டதைவிடப் பலம் அதிகமாவே வந்திருக்கு" என்றேன்.

"அதனாலதான் வேண்டாங்கிறேன். சக்கரம் இதுல எப்படிப் புதையும்?"

மொத்தக் கலவையையும் ஒதுக்கினோம். இத்தனை வருடத்தில் பலம் கூடிப்போனதற்காக நான் கழித்துக்கட்டிய முதல் கான்கிரீட் அது.

கியூபை அமுக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் புரியும். சாதாரண கியூப் பட்டென்று வெடிக்கும், விசையைக் காட்டும் முள் விழுந்துவிடும். இதில் முள் கொஞ்சம் ஏறி அங்கேயே நிற்கும். நறநறவென்ற சத்தத்தோடு கியூப் மட்டும் அமுங்கிக்கொண்டே போகும். அமுங்கும் அந்த நீளம் முழுக்க விசை ஏறக்குறைய மாறாமல் இருப்பதுதான் இதன் அருமை. விமானத்துக்குள் இருப்பவர்களுக்குத் திடீர் அடி விழாது. குமிழ்கள் எல்லாம் தீர்ந்ததும் முள் விறுவிறுவென ஏறும், அதற்குமேல் அதிர்ச்சியை வாங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பாதி அமுக்கத்தில் மெஷினை நிறுத்தி ஒரு கியூபை நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். மேல்பாதி இறுகிய மாவு. கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. அதற்குக் கீழே குமிழ்கள் ஒன்றுகூடக் கலையாமல், வார்த்த அன்று இருந்தபடியே இருந்தன.