எங்கள் வகுப்புச் சந்தை

முதலாம் ஆண்டு வகுப்பை இந்த வாரம் பினாங்கு சௌராஸ்தா சந்தையாக மாற்றிவிட்டோம். ஜாதிக்காய் ஊறுகாய், களிமண் மீன், காகிதப் பூ எல்லாம் கிடைக்கும். வியாபாரம் 5, 10, 20, 50 சென் நாணயங்களில்தான். 98 சென் மீனுக்கு 1 வெள்ளி (100 சென்) கொடுத்தவள், ‘மீதி 2 சென் எங்கே?’ என்று சண்டைக்கு நின்றாள். மலேசியாவில் 2008-இல் ரொக்கக் கணக்கை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கும் நடைமுறை வந்துவிட்டதே, 98 சென் 1 வெள்ளியாகிவிடும்! நான் வாய் திறக்கும் முன்பே பூக்கடைக்காரி, ‘என் பாட்டிக்கும் தரமாட்டார்கள்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பயிற்சித்தாளைக் கண்டால் முகம் சுளிப்பவன், விலைப்பட்டியலை அழித்து அழித்து அழகாக எழுதினான். (இரைச்சலுக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியை மன்னிப்பாராக.) பேரம் பேச மட்டும் நான் கற்றுத்தரவில்லை, அது அம்மாக்களின் பாடத்திட்டம்.