ஞாயிற்றுக்கிழமையும் வேலைநாள்தான்

போன வருடம் எங்கள் சபை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு ஆபரேஷன் ஆனது. ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று போதகர் கேட்டபோது நான் வேறு வேலை இல்லாமல் இருந்தேன், சரி என்றேன். வாரா வாரம் ஆராதனை முறைமை தட்டச்சு செய்ய வேண்டும், ஃபோன் வந்தால் எடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் போனேன்.

இரண்டாம் நாளே ஒருவர் வந்தார். இறந்துபோன அவருடைய அப்பாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமாம். வருடம் சரியாகத் தெரியாது, தாத்தாவின் பெயரை இரண்டு விதமாக எழுதுவார்களாம், எப்படியாவது எடுத்துக் கொடுங்கள் என்றார். பழைய பதிவேட்டை இறக்கினேன். தாளின் ஓரமெல்லாம் பொடிந்து உதிர்கிறது, நுனியைப் பிடித்துப் புரட்டினால் கையோடு வந்துவிடும், அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். மூன்று மணி நேரம் தேடினேன், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவர் படுத்தபடியே, "அந்த வருஷத்துல பாதியிலயே பதிவேடு தீர்ந்துபோச்சு. மீதியைக் கல்யாணப் பதிவேட்டோட கடைசிப் பக்கங்கள்ல எழுதியிருப்பாங்க, பாருங்க" என்றார். பார்த்தேன். இருந்தது. வந்தவர் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

அந்த மாதிரி விஷயங்கள் எதுவும் எந்தக் கோப்பிலும் எழுதியிருக்கவில்லை, எல்லாம் அக்காவின் தலைக்குள்தான். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த முதியவருக்கு ஃபோன் செய்தால் காது கேட்காது, நேரில்தான் போக வேண்டும், உதவி கேட்டு வந்த குடும்பம் எது, காணிக்கை கொடுப்பதை நிறுத்தியவர் உண்மையில் ஏன் நிறுத்தினார் என்பதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பதும் அவர் வேலையில் சேர்த்திதான். அதற்கு யாரும் கணக்குப் போடுவதில்லை.

அலுவலகம் என்று மட்டும் சொல்வானேன். கோயில்பிள்ளை ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து திறக்கிறார், எல்லோரும் போன பிறகு பூட்டுகிறார். ஆர்கன் வாசிக்கிறவர் ஒரே நாளில் காலையில் அடக்க ஆராதனைக்கும் மாலையில் திருமணத்துக்கும் வாசித்துவிட்டுப் போகிறார், அன்று அவர் மனது எந்தப் பாட்டில் நின்றது என்று யார் கேட்டோம்? அப்புறம் கணக்குப் பார்க்கிறவர். காணிக்கைப் பணத்தைத் தனியாக ஒருத்தர் எண்ணக்கூடாது, இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், எங்களை நம்பவில்லையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். யோவாஸ் ராஜா காலத்திலேயே ஆசாரியனாகிய யோய்தா ஆலயத்தில் காணிக்கைப் பெட்டியின் மூடியில் துவாரமிட்டு வைத்தபோது, அதில் சேர்ந்த பணத்தை எண்ண ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் வந்தார்கள் என்று வேதத்தில் 2 இராஜாக்கள் 12-ல் இருக்கிறது. எண்ணுகிறவர்மேல் ஒரு சொல் விழாமல் காப்பாற்றுவதும் அந்த ஏற்பாடுதானே.

ஆனால் அந்த ஆறு வாரத்தில் என்னை அதிகம் உறுத்தியது வேலைப் பளு இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான். திருவிருந்து வாங்கிவிட்டு என் இடத்துக்கு வந்து தலை குனிந்து உட்கார்ந்தேன், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, தோளில் ஒரு விரல் தட்டியது. "ஹால் சாவி யார்கிட்ட இருக்கு?" கேட்டவர் நல்ல மனிதர், அவசரத்தில் கேட்டார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த அக்கா இத்தனை வருடமாக ஒரு ஜெபத்தையாவது முழுசாகச் செய்து முடித்திருப்பாரா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். நமக்கெல்லாம் சபை என்றால் வாரத்தின் பாரத்தை இறக்கி வைக்கிற இடம். அங்கேயே வேலை செய்கிறவருக்கு அது எந்த இடம்? அவருக்குப் போதகர்தான் மேலதிகாரி. வேலையில் ஒரு மனக்கசப்பு என்றால் போதகரிடம் போய் அழ முடியாது, கமிட்டியில் இருப்பவர்கள் அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவர்கள். நாளைக்கு வேலையை விட்டாலும் சம்பளம் மட்டும் போகாது, பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி, சிநேகிதர்கள், துக்கத்துக்கு வந்து நின்றவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் சம்பளம் நான்கு வருடமாக ஏறவில்லை என்று எனக்கு அந்தக் கோப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கமிட்டியில் ஒருவரிடம் கேட்டேன். "இது ஊழியம்தானே" என்றார். அந்த வார்த்தையை எனக்குத் தாங்கவே முடியவில்லை. ஊழியம், ஊதியம் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதை இல்லாமல் ஆக்குவது எங்கே படித்தது? போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற உபாகமத்து வசனத்தை எடுத்துக்காட்டி, வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறது. உடனே, பவுல் கூடாரம் செய்து தன் கையால் உழைத்துச் சாப்பிடவில்லையா என்பார்கள். செய்தார். ஆனால் 1 கொரிந்தியர் 9-ஐ முழுசாக வாசித்தால், தனக்கு அந்த உரிமை உண்டு என்று வரிக்கு வரி வாதாடிவிட்டு, அதன் பிறகுதான் நான் அதை அநுபவிக்கவில்லை என்கிறார். விட்டுக்கொடுத்தது அவர். அவருக்குப் பதிலாகச் சபை விட்டுக்கொடுக்கவில்லை.

நெகேமியா 13-ஐ அதற்குப் பிறகு நிறைய தடவை வாசித்துவிட்டேன். யூதாவுக்கு அதிபதியாக இருந்த நெகேமியா எருசலேமுக்குத் திரும்பி வந்தபோது ஆலயத்தில் பணிவிடை செய்கிற லேவியரும் பாடகரும் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்காததால் அவரவர் வெளிநிலத்துக்கு ஓடிப்போயிருந்தார்கள். நெகேமியா அவர்களுடைய பக்தி எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தலைமையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, ஆலயம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டார். பிறகு லேவியரைச் சேர்த்து அவரவர் இடத்தில் வைத்தார், பங்கைப் பிரித்துக் கொடுக்க உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட ஆட்களையும் நியமித்தார்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசியில், இதை எழுதின தெர்தியுவாகிய நான் உங்களை வாழ்த்துகிறேன் என்று நடுவில் ஒரு வரி வரும். பவுல் சொல்லச் சொல்லப் பதினாறு அதிகாரத்தையும் கையால் எழுதினவர். சின்ன வயதிலிருந்து அந்த வரியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், இப்போது அங்கே வந்ததும் தானாக நின்றுவிடுகிறேன்.

ஆறு வாரம் முடிந்து அக்கா வந்தார். நான் கமிட்டிக்கு இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தேன்: வருடத்துக்கு ஒரு முறை எல்லா ஊழியர்களின் சம்பளத்தையும் எடுத்துப் பேச வேண்டும், வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்குச் சபையிலிருந்து ஃபோன் போகவே கூடாது. இரண்டாவதை ஒப்புக்கொண்டார்கள். முதலாவது அடுத்த கூட்டத்தில் வருகிறது, விடமாட்டேன்.

இன்னொன்று கமிட்டியைக் கேட்காமலே செய்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு அக்காவிடமிருந்து சாவிக்கொத்தை நான் வாங்கிக்கொள்கிறேன். முதல் தடவை கொடுத்தபோது, எந்தச் சாவி எதற்கு என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு, நாலடி போய் மறுபடி திரும்பி வந்து, "அந்தப் பித்தளைச் சாவியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்" என்றார். அப்புறம் போய் நடு வரிசையில், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.