கணக்கில் வராத கொட்டகை

அப்பா ராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவில் நடந்த எம்மெட் டில் கொலையைப் பற்றி முதலில் படித்தபோது அந்த விசிறி எனக்குள் தைத்து நின்றுவிட்டது. பருத்தி மில்லில் ஓடுகிற இரும்பு விசிறி, எடை 75 பவுண்டு, அதாவது 34 கிலோ. அதை 14 வயதுப் பையனின் கழுத்தில் முள்கம்பியால் கட்டி டல்லஹாட்சி ஆற்றில் போட்டிருக்கிறார்கள்.

1955 ஆகஸ்ட் மாதம். சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு, தாத்தா முறையான மோஸ் ரைட் வீட்டுக்கு லீவுக்கு வந்த கறுப்பினப் பையன். மணி என்கிற சிற்றூர்க் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று சொல்லி, அவள் புருஷன் ராய் பிரையன்ட்டும் அவனுடைய ஒரு தாய் வயிற்று அண்ணன் ஜே. டபிள்யூ. மைலமும் 28-ம் தேதி விடிவதற்கு முன்பே வந்து இழுத்துப்போனார்கள். மூன்று நாள் கழித்து உடல் கிடைத்தது. சிகாகோவில் அவன் அம்மா மேமி, சவப்பெட்டியை மூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

நாங்கள் மெம்ஃபிஸில் இருக்கிறோம். கொலை வழக்கு நடந்த சம்னர் அங்கிருந்து தெற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆறு வருஷமாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, போன செப்டம்பர் கடைசியில்தான் நானும் கணவரும் கிளம்பினோம். பருத்தி வெடித்திருந்த நேரம். ரோட்டின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. அறுவடை முடிந்த வயல்களில் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய பெரிய பஞ்சு உருளைகள் கிடந்தன.

சம்னர் நீதிமன்றத்தின் முன்னால் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலப் படைவீரனின் சிலை நிற்கிறது. அதே வளாகத்தில்தான் எம்மெட் வழக்கைச் சொல்லும் பலகையும் இருக்கிறது. மாடியில் விசாரணை நடந்த அறையை 1955-ல் இருந்த மாதிரியே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். இன்றும் அங்கே வழக்குகள் நடக்கின்றன. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன அறை. மோஸ் ரைட் 64 வயதில் எழுந்து நின்று, கை நீட்டி, "அதோ அவர்தான்" என்று மைலமைக் காட்டிய இடத்துக்கும் ஜூரிகள் இருந்த இடத்துக்கும் சில எட்டுதான். அவர் முகம் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினத்தவர் அப்படிக் கை நீட்டினால் உயிரோடு வீடு திரும்புவதே நிச்சயமில்லை. பன்னிரண்டு ஜூரிகளும் வெள்ளைக்கார ஆண்கள். 67 நிமிஷத்தில் இருவரையும் விடுதலை செய்துவிட்டார்கள். இடையில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரியே சொல்லியிருக்கிறார்.

2007-ல் அந்த மாவட்ட மக்கள் இதே நீதிமன்ற வாசலில் எம்மெட்டின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்கள். உண்மையைச் சொல்வதில்தான் இன நல்லிணக்கம் தொடங்குகிறது என்று அந்த வாசகத்தில் வருகிறது. அன்று அங்கே வந்திருந்த சிலரும் நாங்களுமாக ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசித்தோம். என் முறை வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. கணவர்தான் மீதியைப் படித்தார்.

அப்புறம் வயல்களுக்கு நடுவே மண் ரோட்டில் கிராபால் லேண்டிங் போனோம். உடல் கரைசேர்ந்த இடம் என்று அதைத்தான் நினைவுகூர்கிறார்கள். 2008-ல் வைத்த முதல் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவதில் 317 குண்டு ஓட்டைகள். அது இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. மூன்றாவது 35 நாள்தான் தாங்கியது. 2019-ல் வைத்த நான்காவது, குண்டு துளைக்காத பலகை, 500 பவுண்டு. நான் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமன். ஒரு குழந்தையின் பெயரைக் காப்பாற்ற இவ்வளவு இரும்பு. 2023-ல் இந்த இடத்தையும் நீதிமன்றத்தையும் சிகாகோவில் இறுதிச்சடங்கு நடந்த தேவாலயத்தையும் சேர்த்து தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

ஆனால் அவனை அடித்த இடம் இந்தப் பட்டியலில் இல்லை. ட்ரூ ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை. வில்லி ரீட் என்ற 18 வயதுப் பையன் அந்த வழியாக நடந்து போகும்போது உள்ளேயிருந்து அலறலைக் கேட்டான். நீதிமன்றத்தில் அதைச் சொல்லவும் செய்தான். விடுதலையான பிறகு கொலைகாரர்கள் இருவரும் லுக் பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு 1956-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்களே, அந்தக் கதையில் இந்தக் கொட்டகையே கிடையாது. கொட்டகையைச் சொன்னால் அங்கே இருந்த மற்றவர்களையும் சொல்ல வேண்டுமே. அந்தப் பொய்தான் பல பத்தாண்டுகள் வரலாறாக ஓடியது. எனக்கு ஆத்திரம் அடங்காத இடம் இதுதான். நாங்கள் போனபோது அது தனியார் நிலம். ரோட்டிலேயே நின்று பார்த்தோம். பழைய மரப் பலகைச் சுவர், சுற்றிலும் புல். நவம்பரில் சம்னரில் இருக்கும் எம்மெட் டில் மையம் அதை வாங்கிவிட்டது. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஷோண்டா ரைம்ஸ் 15 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார். 2030-க்குள் நினைவிடமாகத் திறப்பார்களாம்.

செய்தியைப் படித்த அன்று அப்பாவுக்குப் போன் போட்டேன். விசிறியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"ரெண்டு பேர் வேலை இல்லம்மா அது. பையனையும் பிடிச்சுக்கிட்டு, லாரியும் ஓட்டிக்கிட்டு, அதையும் தூக்கிட்டுப் போகணும்ல?"

வில்லி ரீட் லாரியின் முன்பக்கத்திலேயே நான்கு வெள்ளைக்காரர்களைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏம்மா, சாட்சி சொன்ன அந்தப் பையன் என்ன ஆனான்?"

சிகாகோவுக்குத் தப்பிப்போய், பெயரை வில்லி லூயிஸ் என்று மாற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஊழியராக வேலை பார்த்து, 2013-ல் இறந்தார் என்றேன். தன் கணவர் யார் என்பது மனைவிக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது என்றும் சொன்னேன்.

"அந்தக் கொட்டகையில அவன் பேரையும் எழுதுவாங்களாம்மா?" என்று கேட்டார் அப்பா.