சனிக்கிழமை இரவு மாட்டிய பெடல்

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டுப் பேர் சேர்ந்து மலைச் சைக்கிள் ஓட்டுவதென்று மூன்று வாரங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தோம். நான் வாங்கியிருந்த புதிய பெடல்களும் அவற்றுக்குரிய காலணிகளும் சனிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுப் பழைய பெடல்களோடு மறுநாள் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு பத்து மணிக்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பழைய பெடல்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வேர்களும் கற்களும் நிறைந்த இறக்கத்தில் வண்டி குலுங்கும்போது தட்டைப் பெடலிலிருந்து என் பாதம் மேலெழும்பி நழுவிவிடும். பெடலின் முனைகள் கணுக்காலுக்கு மேலே கீறிய தழும்புகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. பாதம் பெடலோடு பிணைந்திருந்தால் இந்தத் தொல்லை தீரும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை சரியானதுதான் என்பதை இப்போதும் சொல்வேன். நான் தேர்ந்தெடுத்த நாள்தான் தவறு.

இவ்வகைப் பெடலைப் பாதத்தைப் பூட்டும் பெடலாக இருந்தும் ஏன் ‘கிளிப்லெஸ்’ என்கிறார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முற்காலத்தில் காலணியின் முனையைச் சுற்றிப் பிடிக்கும் கூண்டு ஒன்று பெடலில் இருந்தது. அதற்குத்தான் கிளிப் என்று பெயர். அந்தக் கூண்டு இல்லாதது என்ற பொருளில் இப்பெயர் நிலைத்துவிட்டது. மலைச் சைக்கிளுக்கு ஏற்றபடி, சேற்றிலும் நடக்கக்கூடிய காலணியோடு இந்த முறையை ஷிமானோ நிறுவனம் 1990இல் கொண்டுவந்தது. என்னுடையவை வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்றாலும் அமைப்பு ஏறக்குறைய அதேதான். காலணியின் அடிப்பகுதியில் கிளீட் எனப்படும் சிறிய உலோகத் துண்டு இரண்டு திருகாணிகளால் பொருத்தப்படுகிறது. அதன் முன்விளிம்பைப் பெடலின் கொக்கிக்குள் நுழைத்துப் பாதத்தை அழுத்தினால், பின்புறமுள்ள சுருள்வில் தாடை ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். விடுவிக்க வேண்டுமானால் பாதத்தை மேலே தூக்கிப் பயனில்லை. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும்.

அன்றிரவு நான் அசட்டையாக வேலை செய்யவில்லை. கிளீட்டைப் பாதத்தின் முன்பகுதி எலும்புக்கு நேர்கீழே வருமாறு அளந்து வைத்தேன். இரு பெடல்களிலும் இருபுறமுமாக உள்ள நான்கு சுருள்வில்களையும் 3 மில்லிமீட்டர் சாவியால் ஒரே அளவில் தளர்த்தினேன். தூணைப் பிடித்துக்கொண்டு மாட்டுவதும் விடுவிப்பதுமாக அரைமணி நேரம் பழகி, பிறகு வாகன நிறுத்துமிடத்தில் நான்கு சுற்றுகள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. கிளீட் திருகாணிகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்க வேண்டும் என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது. பையில் எப்போதும் வைத்திருக்கும் குட்டைச் சாவியால் கைக்கு எட்டிய வரை இறுக்கிவிட்டுப் படுக்கப் போனேன்.

உபின் தீவுக்குச் செல்லும் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பயணிகள் சேர்ந்ததும் படகு கிளம்பும். நாங்கள் எட்டுப் பேரும் காத்திருந்தபோது என் காலணியைப் பார்த்த எங்கள் குழுத்தலைவர், “புதுசா அண்ணே? எப்ப மாட்டுனீங்க?” என்று கேட்டார். நேற்றிரவு என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தவர், வயதில் மூத்தவன் என்ற மரியாதையால் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவர் அன்று வற்புறுத்தித் தடுத்திருக்கக் கூடாதா என்று பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொறுப்பை அவர் தலையில் ஏற்றுவது நியாயமல்ல.

உபின் என்ற பெயரே மலாய் மொழியில் கருங்கல்லைக் குறித்து வந்தது. தீவு முழுவதும் பழைய கல்லுடைப்புக் குழிகள் நீர் நிரம்பிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சுற்றித்தான் 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவின் பாதைகள் செல்கின்றன. பாதைகளின் கடினத்தை நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று பலகைகள் காட்டும். நாங்கள் நீலச் சதுரப் பாதையில்தான் சென்றோம். ஒற்றையடிப் பாதை என்பதால் வரிசையாக ஓட்டினோம். எனக்குப் பின்னால் வந்த பெண் எங்கள் குழுவில் சேர்ந்து இரண்டாவது முறையாக வருபவர். என் சக்கரத்தைப் பார்த்தே தன் வழியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வண்டி நீள இடைவெளியில் வந்துகொண்டிருந்தார்.

முதல் அரைமணி நேரம் அவ்வளவு இனிமையாக இருந்தது! குலுங்கும் இடங்களில் பாதம் அசையவேயில்லை. ஏற்றங்களில் பெடலின் மேல்நோக்கிய சுற்றிலும் வலு கிடைப்பதுபோல் உணர்ந்தேன். பிறகு ஒரு குறுகிய ஏற்றத்தில் முன்சக்கரம் கல்லில் முட்டி நின்றது. வண்டி வலப்புறம் சாய, குதிகாலைத் திருப்பினேன். காலணி திரும்பியது. ஆனால் கிளீட் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு முறை திருப்புவதற்குள் வண்டியோடு சேர்ந்து தரையில் கிடந்தேன். பின்னால் வந்தவர் என் தலையைத் தவிர்க்க இடப்புறம் வெட்டித் திருப்பி, கருங்கல் சரளையில் சறுக்கி விழுந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவருக்குத் தோல் உரிந்துவிட்டது.

என் காலோ இன்னும் பெடலில்தான் இருந்தது. காலணியின் பட்டையை அவிழ்த்துப் பாதத்தை மட்டும் உருவி எடுத்தார்கள். சுருள்வில்லை முழுவதுமாகத் தளர்த்திக் காலணியைப் பிரித்தெடுத்த பிறகுதான் காரணம் தெரிந்தது: கிளீட்டின் இரண்டு திருகாணிகளுள் ஒன்று எங்கோ கழன்று விழுந்திருந்தது. ஒற்றைத் திருகாணியில் நிற்கும் கிளீட், காலணி திரும்பும்போது அச்சில் சுழல்வதுபோல் தானும் சுழன்றுகொடுக்குமே தவிரத் தாடையை நெம்பித் திறக்காது. புதிய கிளீட்டின் பற்கள் காலணிக்குள் அழுந்தி அமர்வதற்குச் சில மணி நேர ஓட்டம் தேவை. அப்படி அமர்ந்ததும் திருகாணிகள் சற்றுத் தளரும் என்பதால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு அவற்றை மீண்டும் இறுக்கியே ஆக வேண்டும். குழுவோடு போன அந்தப் பயணமே என்னுடைய முதல் ஓட்டமாகிவிட்டது.

காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டோம். நானும் அடிபட்ட பெண்ணும் இன்னொருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தோம். காலணியின் அடியிலிருந்த கிளீட் கருங்கல்லில் வழுக்கியதால் என் ஒவ்வோர் அடியும் மெதுவாகவே இருந்தது. “பரவாயில்லண்ணே, நான் இன்னும் தள்ளி வந்திருக்கணும்” என்று அவர் இருமுறை சொன்னார். அந்தச் சொல்தான் என்னை மிகவும் வருத்தியது. முன்னால் போகும் மூத்தவரின் வண்டி ஒழுங்காக இருக்கும் என்று நம்பி வந்தவர் அவர். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக இல்லை.

தனியாக ஓட்டும்போது புதிய பொருளைச் சோதித்து விழுந்தால் அடி எனக்கு மட்டும்தான். ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போகும்போது, என் தயக்கமும் தடுமாற்றமும் பின்னால் வருபவரின் மீதே போய் விழுகின்றன. புதிய பொருளின் விதிமுறையை மூளை பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். ஆனால் விழப்போகும் அரை வினாடியில் செயல்படுவது மூளையல்ல. என் கால்கள் பத்தாண்டுகளாகத் தட்டைப் பெடலிலிருந்து மேலே தூக்கியே பழகியவை. குதிகால் யோசிக்காமல் திரும்புவதற்கு எனக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன. முதல் இரண்டு வாரங்கள் புல்தரையிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் ஓட்டினேன். பிறகு செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் தனியாக நான்கு காலைகள் போனேன். ஒவ்வொரு முறை திரும்பியதும் நீளமான சாவியால் திருகாணிகளைச் சோதித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் விடுபடும் வகைக் கிளீட்டை மாட்டிக்கொண்டது பெரிதும் உதவியது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் உபின் தீவில் இறங்கியபோது, குழுத்தலைவர் கிளம்புவதற்கு முன் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: வண்டியில் புதிதாக ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை பிரேக் பேட் மாற்றினேன் என்றார் ஒரு தம்பி. புதிய பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாகப் படியும் வரை பிரேக் முழுமையாகப் பிடிக்காது. படகுத்துறைக்கு அருகிலுள்ள சமதளச் சாலையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி வேகத்தை மெல்லக் குறைத்து இருபது முறை பிரேக் பிடிக்கச் சொல்லி அவரை அனுப்பினார்கள். முழங்கையில் தழும்போடு அன்றும் வந்திருந்த அந்தப் பெண் சாலையோரம் நின்று ஒவ்வொரு முறையையும் சத்தமாக எண்ணினார். இருபதாவது எண் வரும் வரை நாங்கள் அனைவரும் காத்திருந்தோம்.