என் இயங்குதளத்துக்கு ஒரு மொழி

12 ஜூலை 2025, மஞ்சக்குப்பம், கடலூர்

நானே எழுதிவரும் இயங்குதளத்தின் கெர்னல் (அதன் மையப் பகுதி) பூட் ஆகிறது, கீபோர்டு வேலை செய்கிறது, தமிழ் எழுத்தும் திரையில் உடையாமல் வருகிறது. இனி அதில் நிரல் எழுத ஒரு மொழி. 1981-ல் வந்த பிபிசி மைக்ரோ என்ற வீட்டுக் கணினியில் சுவிட்சைப் போட்டதுமே, ரோம் என்ற நிலையான நினைவகத்திலிருந்து பேசிக் என்ற நிரல்மொழி வந்து நிற்கும். எனக்கும் அதுதான் வேண்டும், எதையும் நிறுவாமல், தட்டினால் உடனே பதில் சொல்கிற ஒன்று.

13 ஜூலை

நாள் முழுக்க லுவா என்ற நிரல்மொழியோடு. 1993-ல் பிரேசிலில் பிறந்தது, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது, அந்த நம்பிக்கையில்தான் தொடங்கினேன். என் கெர்னலோடு லிங்க் செய்தால் (இணைத்தால்) லாங்ஜம்ப் எங்கே, ரியல்லாக் எங்கே என்று சி மொழி நூலகத்தில் இருக்கும் செயல்களை வரிசையாகக் கேட்கிறது. என்னிடம் சி நூலகமே கிடையாது. எழுதலாம்தான், ஆனால் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்கே போய்விடும்.

16 ஜூலை

சார்லஸ் மூர் உருவாக்கிய ஃபோர்த் என்ற நிரல்மொழியை எடுத்தேன். எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் வைத்துவிட்டுச் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்ல வேண்டும். அதன் உள்ளே இருக்கும் சொற்களுக்கு (கட்டளைகளுக்கு) நானே தமிழ்ப் பெயர் வைத்து, 2 3 கூட்டு காட்டு என்று தட்டினேன். 5 வந்தது! பக்கத்தில் இருந்த அக்கா மகள், ஏழாவது படிக்கிறாள், "மாமா, இது நாம பேசுற மாதிரியே இருக்கு" என்றாள். ஆமாம், தமிழில் வினை கடைசியில்தானே வரும். சரி, இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

20 ஜூலை

அக்கா மகளே ஒரு சொல் எழுதினாள். முக்காற்புள்ளிக்குப் பின் வருவது புதுச் சொல்லின் பெயர், அரைப்புள்ளி வரை அதன் வேலை; 'நகல்' அடுக்கின் மேல் எண்ணை இன்னொரு முறை வைக்கும்.

: இரட்டிப்பாக்கு நகல் கூட்டு ;

அதைக் கூப்பிட்டதும் இயந்திரம் உறைந்துவிட்டது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துத் தேடியதில் கிடைத்தது இது: பெயரின் நீளத்துக்குப் பழைய ஃபோர்த் வழக்கப்படி 5 பிட் மட்டுமே கொடுத்திருந்தேன், அதிகபட்சம் 31 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுதான். இந்தச் சொல்லில் 14 இருக்கின்றன, ஆக 42 பைட். 5 பிட்டில் அடங்காத 32 கழிந்து நீளம் 10 என்று பதிவாகி, பெயரின் நடுவிலேயே போய் நிரலைத் தேடியிருக்கிறது. நீளத்துக்கு முழு பைட் ஒன்றை ஒதுக்கி, அதே பைட்டில் மீதி பிட்டுகளில் இருந்த கொடிகளை (சொல்லின் தன்மையைக் காட்டும் குறிகளை) வேறு பைட்டுக்கு மாற்றினேன்.

25 இரட்டிப்பாக்கு காட்டு. 50.

அப்புறம், தப்பாக எழுதிய சொல்லை எப்படி அழிப்பது என்று கேட்டாள். ஃபோர்த்தில் ஃபர்கெட் என்ற சொல் உண்டு, அந்தச் சொல்லையும் அதற்குப் பிறகு எழுதிய எல்லாவற்றையும் சேர்த்து நீக்கிவிடும். 'மற' என்று பெயர் வைத்தாயிற்று. ஆனால் அது அழிக்க வேண்டிய பெயரைத் தனக்குப் பின்னால் கேட்கிறது. 'இரட்டிப்பாக்கு மற' என்று தட்டினால் வேலை செய்ய வேண்டும், இன்று இரவு அதற்குத்தான்.